இரும்பைத் தனியே விடாத உடம்பு



ரத்தசோகை பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்கிறது. மகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து டானிக் வீட்டில் இருக்கிறது. அசதியாக இருக்கிறதே என்று அப்பாவும் தினமும் இரண்டு மூடி குடிக்கிறார். தாத்தாவுக்கும் கொடுக்கலாமா? சத்துதானே, கொஞ்சம் கூடினால் என்ன கெட்டுவிடப்போகிறது?

ஒரே வரியில் ‘வேண்டாம்’ என்று பதில் போட்டுவிடலாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போனால், நம் உடம்பு ஓயாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு பெரிய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடங்களாக அறிவியல் படித்தும் எழுதியும் வரும் எனக்கு, இன்றைக்கும் வியப்பு தீராத விஷயம் அது. ஆகவே இந்த மாதம் என் பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

அதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டின் நிலையும் அதுவே. கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பெண்களுக்கும் கொடுக்கப்படும் இரும்பு மாத்திரை உயிர் காக்கும் மருந்து. மலம் கறுத்துப் போகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று அதை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்து மனம் வருந்துகிறவன் நான். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் சொன்ன மாத்திரையில் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது.

இப்போது இரும்புக்கு வருவோம். வளர்ந்த ஓர் ஆணின் உடம்பில் ஏறக்குறைய 4 கிராம் இரும்பு இருக்கும். பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பாக இருக்கிறது. தசைகளிலும், செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவிலும் கொஞ்சம். இத்தனை இடங்களில் இரும்பு தேவைப்படுவதற்குக் காரணம் அதன் ஒரே ஒரு குணம்: ஓர் எலக்ட்ரானைச் சுலபமாகக் கொடுக்கும், சுலபமாக வாங்கியும் கொள்ளும். மூச்சுக் காற்றைக் கொண்டு உணவிலிருந்து சக்தி எடுக்கும் வேலை இந்தக் கொடுக்கல் வாங்கலை நம்பித்தான் நடக்கிறது.

ஆபத்தும் அந்தக் குணத்திலேயே இருக்கிறது. இதை முதலில் கண்ணால் பார்த்தவர் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஹென்றி ஃபென்டன். டார்டாரிக் அமிலக் கரைசலில் துளி இரும்பு உப்பு, சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடு, கடைசியில் கொஞ்சம் காரம் சேர்த்தால் கரைசல் அடர்ந்த ஊதாவாக மாறுவதை 1876இல் ஒரு சிறு குறிப்பாக எழுதினார். டார்டாரிக் அமிலம் நமக்குப் பழக்கமானதுதான். புளியின் புளிப்பே அதுதான். வெறும் பெராக்சைடு அந்த அமிலத்தை லேசில் அசைப்பதில்லை. இரும்பும் தனியாக ஒன்றும் செய்வதில்லை. இரண்டும் சேர்ந்த மாத்திரத்தில் அமிலம் சிதைந்து வேறு பொருளாகிறது. அதற்கு இரும்பு நிறையவும் வேண்டியதில்லை. ஃபென்டன் இதை விடாமல் ஆராய்ந்து 1894இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கான விளக்கம் 1930களில் ஃபிரிட்ஸ் ஹாபர், ஜோசப் வைஸ் என்ற இருவரிடமிருந்து வந்தது. இரும்பு தன் எலக்ட்ரானைப் பெராக்சைடிடம் கொடுக்கிறது. பெராக்சைடு இரண்டாக உடைகிறது. உடைந்ததில் ஒரு துண்டு ஹைட்ராக்சில் ராடிக்கல்.

இந்த ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் நானோ செகண்டுகளில் அளக்கப்படுவது. அதற்குள் அது தன் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கிவிடும். பக்கத்தில் செல்லின் கொழுப்புச் சவ்வு இருந்தால் அங்கிருந்து சங்கிலித் தொடராகச் சவ்வு கெட்டுக்கொண்டே போகும். டி.என்.ஏ. இருந்தால் அதன் எழுத்துகள் சிதையும். புரதம் இருந்தால் புரதம் முறியும். இதைத்தான் ஆக்ஸிஜனேற்றச் சேதம் என்கிறோம். அதன்பின் இரும்பின் கதை முடிந்துவிடுவதுமில்லை. எலக்ட்ரானை இழந்த இரும்புக்கு வேறு ஏதாவது ஒன்று எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் அது மீண்டும் அதே வேலைக்குத் தயார். கொஞ்சம் இரும்பு நிறையச் சேதம் செய்வது இப்படித்தான்.

சரி, பெராக்சைடு நம் உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கும் இருக்கிறது. நாம் மூச்சுவிடும் ஒவ்வொரு கணமும் செல்களுக்குள் அது உண்டாகிறது. ஆக்ஸிஜனை எரித்து வாழும் எந்த உயிருக்கும் அதிலிருந்து தப்ப வழியில்லை. அதைச் சிதைக்க கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய படியில் வரும் சூப்பராக்சைடு என்ற பொருளைக் கவனித்துக்கொள்ள ஒரு தனி நொதி இருக்கிறது என்பதை 1969இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஹைட்ராக்சில் ராடிக்கலைக் கவனிக்க ஒரு நொதிகூட இல்லை. இருக்கவும் முடியாது. பிறந்த இடத்திலேயே அடித்துவிட்டு மறையும் ஒன்றை எந்த நொதி ஓடிப்போய்ப் பிடிக்கும்?

அப்படியானால் ஒரே வழிதான் மிச்சம். அது பிறக்காமலே பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது இரும்பும் பெராக்சைடும் நேருக்கு நேர் சந்திக்கவே விடக் கூடாது. நம் உடம்பு தேர்ந்துகொண்ட வழி இதுதான். உள்ளே வந்த இரும்பில் அணுவளவைக்கூட அது கூடியமட்டும் சும்மா திரியவிடுவதில்லை. எந்நேரமும் ஏதாவது ஒரு புரதத்தின் பிடியில் வைத்திருக்கிறது.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்ற சொல் இன்றைக்கு டீத்தூள் பாக்கெட்டிலிருந்து முகத்துக்குப் பூசும் க்ரீம் வரை அச்சாகி வருகிறது. அதைப் பார்க்கும் நமக்கு, வெளியிலிருந்து வாங்கிப் போட்டால்தான் பாதுகாப்பு என்ற எண்ணம் ஊறிவிட்டது. பாரி ஹாலிவெல், ஜான் கட்டரிட்ஜ் என்ற இரண்டு உயிர்வேதியியலாளர்கள் 1980களிலிருந்து எடுத்துச் சொன்னது வேறு. ரத்தத்தில் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் முதல் வரிசைக் காவல், இரும்பைக் கட்டிவைக்கும் புரதங்கள்தான் என்றார்கள். கட்டுப்படாத இரும்பு ஒரு திரவத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனையை உருவாக்கிப் பார்த்தபோது, ஆரோக்கியமான மனிதரின் ரத்த நீரில் அப்படி ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. விலை கொடுத்து வாங்கும் எந்தக் குப்பியும் தர முடியாத பாதுகாப்பு, பிறவியிலேயே நமக்குள் இருக்கிறது.

அந்தப் புரதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது டிரான்ஸ்ஃபெரின். அது கண்டுபிடிக்கப்பட்ட கதை கோழிமுட்டையிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் என்ற இருவர் வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லா கிருமியை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்தால் கிருமி வளராமல் நின்றுவிட்டது. வெள்ளைக்கருவில் நஞ்சு ஏதும் இருக்கிறதா? அல்லது கிருமிக்கு வேண்டிய எதையோ அது பறித்துக்கொள்கிறதா? ஒவ்வொரு சத்தாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எதற்கும் அசையாத கிருமி, இரும்பைச் சேர்த்ததும் மறுபடி வளரத் தொடங்கியது. வெள்ளைக்கருவில் இருந்த ஒரு புரதம் இரும்பையெல்லாம் இறுகப் பிடித்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போட்டிருக்கிறது. 1944இல் அதை வெளியிட்டார்கள். 1946இல் அதே குணமுள்ள புரதம் மனித ரத்தத்திலும் இருப்பதைக் காட்டினார்கள். அதற்கு டிரான்ஸ்ஃபெரின் என்ற பெயர் அடுத்த ஆண்டே ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களிடமிருந்து வந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்யும் வாசகர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பச்சை வெள்ளைக்கருவைக் கொஞ்சம் நீர் விட்டுக் கலக்கி, மிக நீர்த்த இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறமில்லாத வெள்ளைக்கரு மெல்ல இளஞ்சிவப்பாக மாறும். புரதத்தின் பிடிக்குள் இரும்பு போய் உட்கார்ந்ததற்கு அந்த நிறம்தான் அடையாளம். இரும்பு கலந்த தண்ணீரில் கழுவிய முட்டைகள் சீக்கிரம் அழுகிப்போவதையும் பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். புரதத்தின் கை நிறைந்துவிட்டால், அதன்பின் வரும் இரும்பு கிருமிக்குத்தான் போகும்.

நம் ரத்தத்தில் ஓடும் டிரான்ஸ்ஃபெரினுக்கு இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களைப் பிடிக்கும். அந்தப் பிடியில் இரும்பணுவைச் சுற்றியுள்ள ஆறு இடங்களும் நிரம்பிவிடுகின்றன. பெராக்சைடு வந்து ஒட்டுவதற்கு இடமே இருக்காது. தேவைப்படும் செல்லின் வாசலுக்கு வந்ததும், செல் அந்தப் புரதத்தை அப்படியே ஒரு சின்னப் பைக்குள் இழுத்துக்கொள்ளும். பைக்குள் அமிலத்தன்மை கூடும்போது பிடி தளர்ந்து இரும்பு இறங்கும். வெறுங்கையான புரதம் திரும்ப ரத்தத்துக்கு வந்து அடுத்த நடைக்குக் கிளம்பும். எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் ரத்த நீரில் இப்படிப் பயணத்தில் இருக்கும் இரும்பு 3, 4 மில்லிகிராம்தான். ஆனால் ஒரு நாளில் இந்த வழியாகக் கடந்து போவது 20, 25 மில்லிகிராம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஆரோக்கியமான உடம்பில் இந்தக் கைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். மீதி காலி. ரத்தப் பரிசோதனைத் தாளில் சீரம் அயர்ன், டி.ஐ.பி.சி., டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்களே, அதில் சாச்சுரேஷன் 30 சதவீதம் என்று பார்த்துவிட்டு ‘முப்பதுதானா, நூறாக ஆக்க என்ன சாப்பிட வேண்டும்’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நூறாகவே கூடாது ஐயா. திடீரென்று இரும்பு வந்து கொட்டினால் பிடித்துக்கொள்வதற்காகத்தான் அந்தக் கைகள் காலியாக இருக்கின்றன.

இந்தப் புரதமே இல்லாமல் பிறந்தால்? மிக மிக அரிதாக அப்படியும் நேர்கிறது. 1961இல் ஜெர்மனியில் ஏழு வயதுக் குழந்தை ஒன்றைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். கடுமையான ரத்தசோகை, ரத்தம் ஊற வேண்டிய மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேரவே இல்லை. அதே குழந்தையின் கல்லீரல் போன்ற உறுப்புகளிலோ இரும்பு மண்டிக் கிடந்தது. ஓர் இடத்தில் பஞ்சம், இன்னோர் இடத்தில் வெள்ளம், ஒரே உடம்பில். இப்படிப்பட்டவர்களுக்குப் பிறருடைய ரத்தத்தின் பிளாஸ்மாவை ஏற்றினால், அதிலுள்ள டிரான்ஸ்ஃபெரின் வேலையைத் தொடங்கிவிடும். இரும்புச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்பது ஏன் போதாது என்பதை அந்தக் குழந்தையைவிடத் தெளிவாக வேறு யாரும் காட்டிவிட முடியாது.

டிரான்ஸ்ஃபெரின் சுமந்து போகும் புரதம் என்றால், செல்லுக்குள் சேமித்து வைக்கும் புரதம் ஃபெரிட்டின். செக் நாட்டு ஆய்வாளர் வில்லெம் லாஃப்பெர்கர் குதிரையின் மண்ணீரலிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்து 1937இல் அறிவித்தார். 24 துண்டுகள் சேர்ந்து உருவான உள்ளீடற்ற உருண்டை அது. வெளிக்குறுக்களவு 12 நானோமீட்டர், உள்ளே 8 நானோமீட்டர் வெற்றிடம். நெல்லைக் குதிரில் கொட்டி மூடிவைப்பதுபோல, அந்தச் சின்ன இடத்துக்குள் 4,500 இரும்பணுக்கள் வரை அடைத்து வைக்கலாம். உள்ளே போகும் வழியிலேயே அந்த உருண்டையின் சில துண்டுகள் இரும்பின் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு, துருவைப் போன்ற கனிமமாக அதைப் படியவைத்துவிடுகின்றன. படிந்த இரும்பு எதனோடும் சண்டைக்குப் போகாது. வேண்டும்போது செல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். செல்லில் இரும்பு குறைந்தால் ஃபெரிட்டின் தயாரிப்பு தானாக நிற்கிறது, கூடினால் தொடங்குகிறது.

இது வெறும் சேமிப்பு மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட என்பதை 1992இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வேலை செய்த ஹங்கேரிய மருத்துவர்கள் ஜார்ஜ் பாலா, ஜோசப் பாலா ஆகியோரின் குழு காட்டியது. அந்தப் பரிசோதனை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களை வளர்த்து, ஹீம் என்ற இரும்புள்ள பொருளில் சிறிது நேரம் நனைத்தார்கள். உடனே பெராக்சைடை விட்டபோது செல்கள் கொத்துக்கொத்தாக மடிந்தன. எதிர்பார்த்ததுதான். அதே மாதிரி நனைத்த செல்களைப் பல மணி நேரம் அப்படியே விட்டுவைத்துப் பிறகு பெராக்சைடை விட்டார்கள். இப்போது அவை, ஹீமையே பார்த்திராத செல்களைவிடவும் நன்றாகத் தாக்குப்பிடித்தன! இடைப்பட்ட நேரத்தில் அவை ஹீமை உடைத்து, வெளிவந்த இரும்பைப் பூட்டிவைக்க ஏராளமாக ஃபெரிட்டினைச் செய்து வைத்திருந்தன. வெளியிலிருந்து ஃபெரிட்டினைக் கொடுத்தாலும் செல்கள் பிழைத்தன. இரும்பின் எலக்ட்ரானை வாங்கும் திறனை மட்டும் நீக்கிய ஃபெரிட்டினைக் கொடுத்தபோது அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

பாக்டீரியாக்களும் இதே யோசனையைக் கையாள்கின்றன. அவற்றில் 12 துண்டுகளாலான சிறிய உருண்டை ஒன்று உண்டு. இரும்பையும் பெராக்சைடையும் ஒருசேரத் தன்னிடம் இழுத்து, ஒன்றைக்கொண்டு மற்றதைச் செலவழித்து, டி.என்.ஏ.வைக் காப்பாற்றிவிடுகிறது.

இன்னும் சில புரதங்களைப் பெயரளவிலாவது சொல்லாமல் விட்டால் அநியாயம். மலேரியாவிலும் வேறு சில நோய்களிலும் சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் ரத்தத்தில் கொட்டும்போது அதை உடனே கட்டிப்பிடிப்பது ஹாப்டோகுளோபின். அதிலிருந்து ஹீம் கழன்றால் பிடிப்பது ஹீமோபெக்சின். செம்பைத் தாங்கியிருக்கும் செருலோபிளாஸ்மின், டிரான்ஸ்ஃபெரின் பிடிக்கக்கூடிய வடிவத்துக்கு இரும்பை மாற்றிக் கொடுக்கிறது. தாய்ப்பாலில் இருப்பது லாக்டோஃபெரின். பிரசவமான முதல் நாட்களில் சுரக்கும் சீம்பாலில் இது லிட்டருக்கு 5 கிராமுக்கும் மேல் இருக்கும், பிறகு குறையும். பசும்பாலில் மிகக் கொஞ்சம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் குடலில் கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் புரதத்தைத்தான் அவர்கள் கொட்டுகிறார்கள். தயவுசெய்து பாட்டிமார்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஃபெரிட்டின் என்ற பெயரை நம்மில் பலர் முதன்முதலாகப் பார்த்தது கொரோனா காலத்தில். சி.ஆர்.பி., டி-டைமர் என்பவற்றோடு ஃபெரிட்டினும் ரிப்போர்ட்டில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. இரும்பு கூடிவிட்டதோ என்று பயந்தவர்கள் உண்டு. உடம்பில் அழற்சி வரும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வரும் கதவை அடைத்துவிடும். கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே காய்ச்சலோடு இருக்கும்போது எடுத்த ஃபெரிட்டின் அளவை வைத்து இரும்பு போதும், போதாது என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல் இல்லாதபோது ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கிறது.

இந்தக் காவலெல்லாம் தோற்றுப்போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். தலசீமியா குழந்தைகளைத்தான் சொல்கிறேன். பிறவியிலேயே ஹீமோகுளோபின் சரியாக உண்டாகாத அவர்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடம்போ ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான் இழக்கும், அதுவும் உதிரும் தோலோடும் குடல் செல்களோடும். கூடுதல் இரும்பை வெளியேற்ற நமக்கு வழியே கிடையாது என்பதை மெக்கான்ஸ், விடோசன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1937லேயே காட்டிவிட்டார்கள். மாதம் இரண்டு யூனிட் ஏற்றிக்கொள்ளும் ஒருவருக்கு வருடத்தில் 5 கிராம் இரும்பு உள்ளே போகிறது. சாதாரண மனிதரின் மொத்த உடம்பிலும் இருப்பதைவிட அது அதிகம்.

டிரான்ஸ்ஃபெரினின் காலிக் கைகள் நிரம்புகின்றன. அதற்குமேல் வரும் இரும்பு பிடி இல்லாமல் ரத்தத்தில் அலைகிறது. தலசீமியா நோயாளிகளின் ரத்தத்தில் இந்த அநாதை இரும்பு இருப்பதை 1978இல் காய்ம் ஹெர்ஷ்கோவும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். அது இதயத்துக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் ஹார்மோன் சுரப்பிகளுக்குள்ளும் புகுந்து, ஃபென்டன் பார்த்த அதே வினையை அங்கே நடத்துகிறது. ஒரு காலத்தில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரைப் பறித்துக்கொண்டது ரத்தசோகை அல்ல, இரும்பேறிய இதயம்.

அவர்களைக் காப்பாற்ற வந்த முதல் மருந்து டெஸ்ஃபெரிஆக்சமைன். மண்ணில் வாழும் ஒரு வகை நுண்ணுயிர் இரும்பைப் பிடிப்பதற்காகச் சுரக்கும் பொருளிலிருந்து பிறந்தது அது. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைக் குத்தி, சிறு பம்பை இணைத்து, ராத்திரி எட்டு மணி நேரத்துக்கும் மேலாக மருந்து ஏறவேண்டும். வாரத்தில் ஐந்து, ஆறு இரவுகள். வருடக்கணக்கில் தினமும் தூங்குமுன் தன் பிள்ளைக்கு ஊசி குத்திய அம்மாக்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் என்று வாய்வழி மருந்துகள் வந்துவிட்டன. இதயத்தில் இரும்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே அளக்க முடிகிறது. ஒழுங்காக மருந்தெடுக்கும் தலசீமியா பிள்ளைகள் இன்றைக்குப் படித்து, வேலைக்குப் போய், திருமணம் செய்து வாழ்கிறார்கள். புரதம் செய்யமுடியாமல் போன வேலையை மருந்து செய்கிறது.

இப்போது அந்த டானிக் பாட்டிலுக்கு வருகிறேன். மாதவிடாயாலோ பிரசவத்தாலோ ரத்தம் இழக்கும் பெண்ணுக்கும், வேகமாக வளரும் பிள்ளைக்கும் இரும்பு குறைவது இயல்பு. ஐம்பது வயது ஆணுக்கு அப்படிக் குறைய வேண்டிய காரணமே இல்லை. அவருக்கு உண்மையிலேயே இரும்பு குறைந்து ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் பெரும்பாலும் எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், கொக்கிப்புழுவாக இருக்கலாம், குடலில் கட்டியாகவும் இருக்கலாம். டானிக் குடித்து ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறிவிட்டால் அந்தக் காரணம் இன்னும் சில மாதங்கள் மறைந்தே இருக்கும். ரத்தசோகையே இல்லையென்றால் அசதிக்கு வேறு காரணம் தேட வேண்டும்: தைராய்டு, சர்க்கரை, தூக்கமின்மை, மனச்சோர்வு. இரண்டு விதத்திலும் பாட்டில் உதவாது. ரத்தப் பரிசோதனைதான் உதவும். தாத்தாவுக்கும் இதே பதில்.

மாத்திரை தேவைப்படுகிறவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னால் டாக்டர் அலட்சியமாகச் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் ஏறி, மறுநாள் வரை குடலின் கதவைச் சாத்திவைக்கிறது. இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேரும் இரும்பு கூடுகிறது என்று சமீபத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அவரே சொல்லட்டும். மாத்திரையோடு டீ, காபி வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது. ஆனால் தலசீமியா உள்ளவர்கள் வைட்டமின் சி மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடவே கூடாது. எலக்ட்ரான் இழந்த இரும்புக்கு மீண்டும் எலக்ட்ரான் கொடுக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று.

கடைசியாகச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டாருக்கு. பளபளவென்று வண்ணப்பூச்சோடு இருக்கும் இரும்பு மாத்திரை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய்தான். கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் இரும்பு இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை ஓர் அட்டையை விழுங்கிவிட்டால், அந்தச் சிறிய உடம்பிலுள்ள டிரான்ஸ்ஃபெரின் முழுவதும் சேர்ந்தாலும் அவ்வளவையும் பிடிக்க முடியாது. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பிறகு சில மணி நேரம் பிள்ளை தேறிவிட்டதுபோலத் தெரியும். அதை நம்பி வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் கல்லீரலும் இதயமும் சேதமாகிக்கொண்டிருக்கும். மாத்திரைகளை எட்டாத உயரத்தில், பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், வாந்திக்குக் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை குறைந்திருக்கிறது என்பது தெரிந்தால் சிகிச்சையைத் தீர்மானிக்க டாக்டருக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்